மனம் நோயுறும்போது: போனில் மருத்துவரைத் தேடுவோர் கவனத்திற்கு

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. மேடையில் அமர்ந்திருக்கும் ஹஜ்ரத் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் சகோதரர்களே!

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சர்க்கரை, பிரஷர், கண் பரிசோதனை பற்றிப் பேசுவோம். இன்று பேசப்போவது நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் விஷயம். அதை ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறோம். அது நம் அறக்கட்டளை செய்த தவறு.

ஒரு தம்பி. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, ஊரையும் தொழிலையும் மாற்றிச் சொல்கிறோம். வளைகுடாவில் டிரைவராக இருந்து திரும்பியவர். வந்த சில மாதத்தில் படுத்தவர் எழவில்லை. குளிப்பதில்லை, ஜும்ஆவுக்கு வருவதில்லை, பெற்ற பிள்ளை மடியில் ஏறினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "சோம்பேறி" என்றார்கள். பிறகு ஒருநாள் எழுந்தார். எழுந்தவர் தூங்கவே இல்லை. இரவெல்லாம் பேச்சு, பெரிய பெரிய திட்டம். கடன் வாங்கி இரண்டு லோடு ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். "ஜின் பிடித்துவிட்டது" என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் ஒரு நல்ல மனிதர் மதுரைக்குக் கூட்டிப்போனார். இருதுருவ மனநிலைக் கோளாறு என்று மருத்துவர் கண்டுபிடித்தார். மாத்திரை கொடுத்தார். ஒரு வருடம் நன்றாக இருந்தார்.

மாதம் ஒருமுறை மதுரை போகவேண்டும். கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை, இங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர். நோயாளியோடு அவருடைய அத்தாவும் போகவேண்டும். இரண்டு பேருக்கும் ஒருநாள் கூலி போச்சு. "போனிலேயே பார்க்கிறார்களாமே" என்று அந்த அத்தா நம்மிடம் கேட்டார். நாமும் விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆன்லைன் ஆலோசகரைப் பிடித்து, பைத்துல்மாலிலிருந்து பணம் கட்டினோம். அவர் இனிமையாகப் பேசினார். நான்காவது வாரம், "மாத்திரை உங்களை அடிமையாக்கிவிடும், மூச்சுப் பயிற்சி போதும்" என்று சொன்னார். தம்பி மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில் மறுபடியும் தூக்கம் போனது. ஒரு நாள் இரவு வீட்டை விட்டுப் போனவரை மூன்று நாள் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். அவருடைய அம்மா நம்மைப் பார்த்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் நமக்கு அதிகம் சுட்டது.

அந்த ஆலோசகர் என்ன படித்தவர் என்று நாம் கேட்கவே இல்லை. நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்கிறோம். ஒரு மனிதனின் மூளைக்கு மருந்து சொல்பவரிடம் சான்றிதழைக் கேட்க மறந்தோம். காசோலையில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். எனவே இன்று சொல்வதெல்லாம் அறிவுரை அல்ல, பட்டபின் கற்ற பாடம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இது ஈமான் குறைவினால் வரும் நோயா? யூசுஃப் நபி (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் பார்வையே போனதை நாம் ஓதியிருக்கிறோம். கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே சீறா நூல்கள் குறிக்கின்றன. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்து வரும் துக்கம் வேறு, காரணமே தெரியாமல் உடம்பிலிருந்து கிளம்பும் துக்கம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். 1354-ல் அலெப்போ நகரில் கட்டப்பட்ட அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனி அறைகள் இருந்தன. இவை நம் முன்னோர் செய்தவை.

நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததையும் மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது குடும்பத்தார்தான். பாசம் இல்லாமல் அல்ல, வேறு வழி தெரியாமல். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இன்று ஏர்வாடி தர்கா வருபவர்களுக்கு 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. ஓதிப் பார்ப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓதிக்கொண்டே மாத்திரையும் போடுங்கள் என்கிறோம்.

இனி போன் விஷயத்துக்கு வருவோம். ஒரு முறை ஏமாந்ததால் போனே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது இன்னொரு தவறு. நம்மைப் போன்ற வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டை மாவட்டத்தில், 'ஸ்கார்ஃப்' என்ற சென்னை மனநல நிறுவனம் 2010-ல் ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு சிறு அறை, அதில் ஒரு திரை. சென்னையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். பஸ்ஸிலேயே மருந்தும் கிடைக்கும். ஊரில் இருக்கும் பணியாளர் வீடு தேடிப்போய் நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரிப்பார். மருத்துவர் தூரத்தில், துணைக்கு ஆள் பக்கத்தில். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

சரி, ஒருவர் இன்று இரவே உதவி தேடினால் எங்கிருந்து தொடங்குவது? 14416. இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலி-மானஸ் என்ற பெயரில் ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் இதே எண்ணில் தமிழில் பேசுகிறார்கள். 24 மணி நேரமும் இலவசம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். பட்டன் போன் இருந்தாலும் போதும்.

தனியாரிடம் பார்ப்பதாக இருந்தால் மூன்று பேரைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநலம் படித்தவர். மாத்திரை எழுதவும் மாற்றவும் நிறுத்தவும் அவருக்குத்தான் உரிமை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் போன்ற மாநிலக் கவுன்சிலில் அவருக்குப் பதிவு எண் இருக்கும். இரண்டாமவர் மருத்துவ உளவியலாளர். பேச்சின் மூலம் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுதமாட்டார். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாமவர் ஆலோசகர். நன்கு படித்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பேசிக் கவலையை இறக்கிவைக்க உதவுவார்கள். ஆனால் அந்தப் பெயரை இன்று யாரும் போட்டுக்கொள்ள முடிகிறது. ஆகவே "மாத்திரையை நிறுத்து" என்று மருத்துவர் அல்லாதவர் யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, போனில் பார்க்கும் மருத்துவர் தம் பெயரையும் தகுதியையும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உண்மையான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சில மருந்துகளைப் போன் வழியே எழுத அவருக்கு அனுமதி கிடையாது. "நேரில் வாருங்கள்" என்று அவர் சொன்னால், அது நம்மைத் தட்டிக்கழிப்பது அல்ல.

திரையில் பார்க்க முடியாதவையும் உண்டு. தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும், அதற்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எனவே முதல் முறை, முடிந்தவரை, நேரில் போங்கள். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நோய் பிடிபட்டபின் மாதாந்திரப் பேச்சுக்குப் போன் நல்ல வழி.

மருத்துவரிடம் பேசும்போது ஒன்றை மறைக்காதீர்கள். சோர்வாக இருக்கும் நாளில் போன் செய்கிறோம், சோர்வை மட்டும் சொல்கிறோம். முன்பு ஒரு காலத்தில் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்ததைச் சொல்லாமல் விடுகிறோம். சாதாரணச் சோர்வு என்று நினைத்துத் தரும் மாத்திரை, இருதுருவ நோயாளியை மறுபடி அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடக்கூடும். அதனால்தான் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருந்து பழைய கதையைச் சொல்ல வேண்டும். நோயாளி தனியாகப் பேச விரும்பினால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

நம் மக்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கரிமூட்டத்திலும் வெயில் காட்டிலும் வேலை பார்க்கும் ஊர் இது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் நோன்பு பற்றிக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, விவரத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம். நாமாக மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் லித்தியத்தோடு சேராது.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், "ஹராமான பேச்சு பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். 14416-க்குப் பேசுங்கள், அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த குடும்பங்களை நாம் அறிவோம். அதே 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைப் பராமரிப்பதை அரசின் கடமை ஆக்குகிறது.

கடைசியாக, நம் ஜமாஅத்திடம் ஒரு கோரிக்கை. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருக்கும்போது ஒரு பெண் யாரிடம், எங்கே நின்று பேசுவாள்? மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் நம் அலுவலக மாடியில் தையல் மிஷின்கள் வைத்திருந்த அறையை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மேசை, மின்விசிறி, ஒரு போன், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. சனிக்கிழமை பெண்களுக்கு, ஞாயிறு ஆண்களுக்கு. பதிவேட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் பைத்துல்மாலிலிருந்து இனி யாருக்கும் பணம் கட்டமாட்டோம்.

"அறக்கட்டளைக் கட்டடத்தில் பைத்தியக்கார ரூமா? நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானதுதான். அதைப் போக்குவது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்தப் படியில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று பார்க்காதீர்கள். பார்த்தாலும் பேசாதீர்கள். பிறர் ரகசியம் நம்மிடம் உள்ள அமானிதம்.

அந்தத் தம்பி இப்போது மறுபடி மதுரை மருத்துவரிடமே சிகிச்சை பெறுகிறார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை நேரில், மற்ற மாதங்களில் வீடியோவில். இரத்தப் பரிசோதனை இங்கேயே நடக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். புது அறைக்கு நாற்காலிகளை ஏற்றி வந்ததும் அவர்தான், வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

நோயுற்ற உள்ளங்களுக்கெல்லாம் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் கவனக்குறைவை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.