நம் பிள்ளைகள் யார் மடியில்?



அண்ணல் அம்பேத்கர் பெயரால் நடக்கும் நினைவுச் சொற்பொழிவில் நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுவதே வழக்கம். கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது மகளிர் கூட்டத்துக்கான தலைப்பாயிற்றே" என்று சிலர் கேட்டார்கள். 1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் அண்ணல் பேசியது பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துத்தான். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவைப் பெருமளவு அரசு ஏற்க வேண்டும், முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று வாதாடினார். அதற்குள் அவரும் ரமாபாயும் நான்கு பிள்ளைகளை மண்ணில் வைத்திருந்தார்கள். தங்கியது யஷ்வந்த் ஒருவர்தான். ஆகவே தலைப்பு மாறவில்லை, தோழர்களே.

ஆறேழு மாதம் ஆனதும் குழந்தைக்கு எல்லார் கையும் ஒன்றாக இருப்பதில்லை. பசித்தாலும் பயந்தாலும் காய்ச்சல் வந்தாலும் சில முகங்களைத்தான் தேடும். அழுதால் அந்த முகம் வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பிள்ளை மடியைவிட்டு இறங்கித் தவழும், கண்டதைத் தொட்டுப் பார்க்கும், பயந்தால் திரும்பி ஓடி வரும். உளவியலார் இதை அட்டாச்மென்ட் என்கிறார்கள். நாம் பிணைப்பு என்போம். கல்வி பள்ளிக்கூட வாசலில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். மடியைவிட்டு இறங்கும் அந்த முதல் துணிச்சலிலேயே அது தொடங்கிவிடுகிறது.

இதைக் கோட்பாடாக எழுதியவர் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர். உலகப் போருக்குப் பின் வீடிழந்து நின்ற குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை 1951இல் வெளிவந்தது. அவர் லண்டனில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. அந்த வர்க்கத்து வழக்கப்படி தாயை நாளுக்கு ஒரு மணிநேரம் போலத்தான் பார்த்தார்; வளர்த்தது ஆயா. அவருக்கு நான்கு வயதாகும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போனாள். பெற்ற தாயை இழந்ததைப் போன்ற வலி அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கூலிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிய கைகளின் வாரிசுகள் நாம். அந்த நேரத்தில் ஆயாக்களின் சொந்தப் பிள்ளைகளை யார் தூக்கினார்கள் என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

பௌல்பியின் பெயரைச் சொல்லி, பெண்கள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால்தான் பிள்ளை உருப்படும் என்று உபதேசித்தவர்கள் உண்டு. நாற்று நடப் போகாவிட்டால் அன்றைக்கு உலை வைக்க வழியில்லாத வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா? பௌல்பியோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் 1954, 55இல் உகாண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளைக் கவனித்தார். அங்கே தாய்மார் தோட்டத்தில் பாடுபட்டார்கள். குழந்தைகள் தாயோடு மட்டுமல்ல, வீட்டில் பழகிய மற்றவர்களோடும் பிணைந்திருந்தன. நம் சேரிக்கு இது புதுச் செய்தி அல்ல. பாட்டி, சித்தி, அத்தை, எதிர்வீட்டு ஆயா என்று நாலு மடி மாறி வளரும் பிள்ளை அநாதை ஆகிவிடாது. அந்த நாலு மடியும் நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்று அதற்குத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த மடிகளில் ஒன்று எட்டு வயது அக்காவுடையதாக இருக்கிறதே, அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. தம்பியைத் தூக்குவதற்காக அவள் பள்ளியைவிட்டு நிற்கிறாள். ஒரு பிள்ளையின் பிணைப்புக்கு இன்னொரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத்தான் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு வயதுக் குழந்தை புதிதாக ஒன்றைக் கண்டால் முதலில் தன்னை வளர்ப்பவரின் முகத்தைப் பார்க்கும். 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளம்போலத் தோன்றும் கண்ணாடித் தளத்தின் ஓரத்தில் குழந்தைகளை விட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற தாய் சிரித்தபோது பெரும்பாலான பிள்ளைகள் தவழ்ந்து கடந்தன. தாயின் முகத்தில் அச்சம் தெரிந்தபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. இனி நம் தெருவை நினைத்துப் பாருங்கள். ஆண்டை வீட்டுப் பையன் வண்டியை நிறுத்தி, தாத்தா வயதுள்ளவரை "டேய்" என்று கூப்பிடுகிறான். தோள்துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. இடுப்பிலிருக்கும் பேரப்பிள்ளை தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறது. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை, சாதி என்ற சொல் தெரியாது. எந்தப் பள்ளத்தைக் கடக்கக் கூடாது என்பது மட்டும் அந்த முகத்திலிருந்து இறங்கிவிடுகிறது. சாதியைப் பற்றி எழுதும்போது நாம் தீண்டாமைச் சுவரையும் தேநீர்க் கடைக் குவளையையும் எழுதுகிறோம். இந்த முகத்தை எழுதுவதில்லை.

அச்சத்தைப் போலவே அசதியும் முகத்தை மூடும். விடியுமுன் எழுந்து, வேலை முடிந்து வந்து, விறகும் தண்ணீரும் சேர்த்துவிட்டு உட்காரும் பெண்ணிடம் குழந்தை சிரித்தால், திருப்பிச் சிரிக்கத் தெம்பு வேண்டாமா? அவளுக்கு அன்பு குறைவில்லை. பறிபோனது அவளுடைய நேரம். கணக்குப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. அது நல்லது, அதில் நமக்குப் பொறாமை இல்லை. கூலிப்பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, கையில் வருவது 14,000, அதுவும் தவணையாக. அதே 12 மாதத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 38 ரூபாய். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகுமுன் அவள் ஏன் வரப்பில் நிற்கிறாள் என்பதற்கு உளவியல் தேவையில்லை, இந்தக் கணக்கே போதும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் இருக்கின்றன. சத்துணவிலும் முட்டையிலும் அவை செய்த நன்மையை மறுப்பவர்கள் நாமல்ல. ஆனால் இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குத்தான் அங்கே இடம். கைக்குழந்தைக்கு வீட்டுக்குத் தருவது சத்துமாவுப் பொட்டலம். பிணைப்பு உருவாகும் காலமான ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை அரசின் கணக்கில் வெறும் எடைதான். நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறுபிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் என்னவோ வேப்பமரத்துத் தூளியில்தான் கிடந்தார்கள்.

இடம் கிடைத்தாலும் மடி கிடைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பள்ளியில் சாக்கைத் தனியே விரித்து உட்கார்ந்த கதையை அண்ணலே எழுதியிருக்கிறார். 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகவே ஊர் எதிர்த்து நின்றது. வீட்டைவிட்டு முதன்முதலாக வரும் மூன்று வயதுப் பிள்ளை அழும்போது, பணியாளர் தூக்கிக் கண்ணைத் துடைக்கிறாரா, தள்ளி நின்று அதட்டுகிறாரா? எந்தப் பதிவேட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை. பிள்ளைக்கு அதுதான் முதல் பாடம்.

நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு நள்ளிரவில் வீடு சேரும்போது பிள்ளை தூங்கிவிட்டது. குடித்துவிட்டுப் போய் அதன் தாயை அடிப்பவரும் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஆண்டையின் முகமும் அப்பாவின் முகமும் ஒன்றாகிவிடும். இதைக் குடும்ப விஷயம் என்று அமைப்புகள் ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. தகப்பன் மடிக்கும் பிள்ளை பிணையும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

அரசாணை தேவைப்படுவதை மன்றத்தின் சார்பில் மனுவாக எழுதியிருக்கிறோம். விவசாயக் கூலிப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் ஆறு மாதப் பேறுகால ஊதியம். ஆறு மாதப் பிள்ளையிலிருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகம், அதுவும் களை எடுக்கக் கிளம்பும் நேரத்துக்கே கதவு திறப்பதாக. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில்லாத முறையான சம்பளம். மனுவின் படிகள் அரங்க வாசலில் இருக்கின்றன. மே 1 கிராமசபைக்கு அவரவர் ஊரில் எடுத்துப் போங்கள். வாசிக்கும்போது கையில் பிள்ளை இருந்தால், இறக்கிவிட வேண்டாம்.