தாழ்ந்து எரியும் விளக்கு



ரப்பர்த் தோட்டத்தில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பிரட்டுக்கு நடந்து வருவோரும், மோட்டார் சைக்கிளில் வெட்டுக்குச் செல்வோரும், ஆட்களை ஏற்றிச் செல்லும் லோரியும், ஜீப்பும் ஒரே செம்மண் சாலையைத்தான் நம்பியிருக்கின்றனர். அவ்வேளையில் பள்ளமான இடங்களில் மூடுபனி தேங்கி நிற்பதுண்டு. ஆகவே, வாகனத்தின் கூடுதல் விளக்கை எங்கே பொருத்துவது என்பது அழகைப் பற்றிய கேள்வி அன்று. உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

ஜீப்பின் கூரைமேல் வரிசையாக விளக்குகளைப் பொருத்துவதில் சிலருக்குப் பெருவிருப்பம். தெளிந்த இரவில் அவை தொலைதூரம் காட்டும். மூடுபனியிலோ அவையே தீங்காகும். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளே. அவை ஒளியை நாற்புறமும் சிதறச் செய்கின்றன. விளக்கு ஓட்டுநரின் கண்ணுக்கு அருகில் இருந்தால், சிதறிய ஒளி கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெண்சுவர் எழுந்தாற்போல் தோன்றும். விளக்கைத் தாழ்த்திப் பொருத்தினால், ஒளி பார்வைக்குக் கீழே தரையைத் தழுவிச் செல்லும். மஞ்சள் கண்ணாடி போட்டால் போதும் என்பது சரியன்று. நிறத்தைவிட விளக்கின் இடமே முக்கியம்.

புகைமூட்டத்திற்கும் இது பொருந்தும். 2005 இல் கோலசிலாங்கூர், போர்ட் கிள்ளான் பகுதிகளிலும், 2013 இல் மூவார், லேடாங் வட்டாரங்களிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறத்தற்கில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. 10 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். விளக்கு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கல்லின் நிழல் ஏறத்தாழ அரை மீட்டரே. 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிழல் இரண்டரை மீட்டர் நீளும். நீண்ட நிழல், கல்லையும் குழியையும் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்.

எனினும் அளவுக்கு மீறித் தாழ்த்தலாகாது. முன்புற மூடுபனி விளக்கு தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது, ஐக்கிய நாடுகள் அமைப்பின் 48 ஆம் எண் வாகன ஒழுங்குவிதி. காட்டுச் சாலையில் கல்லும் கட்டையும் மோதும் என்பதால், முன்புற பம்பரின் அடிவிளிம்புக்குக் கீழே அதைத் தொங்கவிடாதீர்கள். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றையும் மறைக்காதீர்கள். ஓடையைக் கடக்குமுன் சற்று நேரம் விளக்கை அணைத்து வையுங்கள். சூடேறிய கண்ணாடி குளிர்நீர் பட்டால் வெடிக்கக்கூடும். படிந்த சேற்றை நாள்தோறும் துடையுங்கள்.

12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் 55 வாட் விளக்குகள் இரண்டு, சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ஆதலால் தகுந்த ஃபியூசும் ரிலேயும் இன்றி இணைப்பது தீ விபத்தை வரவழைப்பதாகும். பொதுச் சாலையில் ஓடும் வாகனமாயின், சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளை முன்னதாகக் கேட்டறிதல் கடமை.

இறுதியாக ஒன்று. தாழ்ந்த விளக்கு அண்மையைத்தான் காட்டும். வேகத்திற்கு அது உரிமம் அன்று. ஒளி எட்டும் தொலைவுக்குள் வாகனத்தை நிறுத்த இயலுமாறு ஓட்டுங்கள். எதிரே நடந்து வருபவரின் கண் கூசாதவாறு ஒளிமுகத்தைச் சற்றே கீழ்நோக்கித் திருப்புங்கள். வாளியும் உளியும் ஏந்தி இருளில் நடப்பவர் உங்கள் அண்டை வீட்டாரே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.