அடுக்களையும் ஒரு கல்விக்கூடமே

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

குழந்தைகளுக்கும் குமரப் பருவத்தினருக்கும் ஏற்ற உணவைப் பற்றி வீட்டிலிருந்தபடியே கற்பது எப்படி என்று பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். தலைப்பைக் கேட்டதும், "பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குச் சோறு போடவும் ஒரு பாடமா?" என்று மூத்த தாய்மார்கள் மனத்துக்குள் சிரித்திருக்கலாம். அவர்கள் கேட்பது நியாயந்தான். உங்களிடம் அன்பும் இருக்கிறது, கைப்பக்குவமும் இருக்கிறது.

ஆயினும், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுவதைச் சற்றுக் கேளுங்கள். நம் நாட்டில் ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்டோரில் மூவரில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கின்றனர். 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை; அதே வயதுப் பையன்களில் 31 பேருக்கு. வறுமை இதற்குப் பெருங்காரணமே. ஆனால் ஒரே பானையில் உண்ணும் அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை வறுமையால் மட்டும் விளக்க முடியாது. ஆகவேதான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

படிப்பதற்குக் கல்லூரி வாசலுக்குப் போக வேண்டியதில்லை. 1985-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், உணவும் ஊட்டமும் பற்றிய சான்றிதழ்ப் படிப்பைப் பல ஆண்டுகளாக அஞ்சல்வழியில் நடத்தி வந்துள்ளது. பயிற்றுமொழி, கட்டணம் ஆகியவற்றைக் கற்கை மையத்தில் கேட்டறிந்து சேரலாம். சான்றிதழ் வேண்டாம், அறிவு போதும் என்பவர்களுக்கு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூல் இருக்கிறது. அதில் 17 நெறிகள் விளக்கப்பட்டுள்ளன. அந்த நிறுவனம் 1918-ல் நம் நீலகிரியில், குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அங்கேதான் இராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய எலிகள் பின்தங்கின. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதே அதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

கல்லூரி மாணவிக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. அவளுக்குப் புத்தகம் இருக்கும். பாடத்தைச் சோதித்துப் பார்க்கப் பிள்ளை இருக்காது. உங்களுக்கோ அடுக்களையும் பிள்ளைகளும் நாள்தோறும் கண்முன்னே இருக்கின்றன. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஓர் அங்குல நாடா, ஓர் அளவுக் கிண்ணம் ஆகியவை போதும். மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதற்பயிற்சி, கைக்குழந்தையின் கிண்ணத்தைப் படிப்பது. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும். தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். பலர் இங்கேதான் தண்ணீர் போன்ற கஞ்சியைக் கொடுத்து, "நன்றாகக் குடித்தான்" என்று மகிழ்கிறார்கள். ஆறேழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஏறக்குறைய 200 மில்லி கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழிந்து ஓடாத பதமே சரியான பதம். குழைந்த பருப்புச் சாதத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் சேர்த்தால் ஏறக்குறைய 45 கலோரி கூடுகிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவு இன்னும் நல்லது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை இளக்குவதால், கூடுதல் மாவு போட்டும் கஞ்சி கட்டிப்படாமல் இருக்கும். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமல் செய்துவந்ததற்கு நூல் காரணம் சொல்கிறது, அவ்வளவே.

இரண்டாம் பயிற்சி, அளந்து எழுதுவது. மாதந்தோறும் அங்கன்வாடியில் குழந்தையை எடை போட்டு, அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டை நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு மாத எடையைவிடக் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா என்பதே முக்கியம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் இடது மேற்கையின் நடுச்சுற்றளவை நாடாவால் அளக்கலாம். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். 11.5-க்கும் குறைந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே புத்தகப் படிப்பு போதாது; டானிக்கும் சத்துமாவும் வாங்கிக் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து.

மூன்றாம் பயிற்சியே நான் சிறப்பாக வலியுறுத்த விரும்புவது. அது குமரப் பருவத்துப் பிள்ளையின் தட்டைப் படிப்பது. கைக்குழந்தைக்கு அளந்து ஊட்டும் தாய், பன்னிரண்டு வயதானதும், "இனி அவளே போட்டுச் சாப்பிடுவாள்" என்று விட்டுவிடுகிறாள். முதல் இரண்டாண்டுகளுக்குப் பின் உடல் மீண்டும் விரைந்து வளரும் காலம் இதுவே. முழு வளர்ச்சி பெற்றவரின் எடையில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்தில்தான் சேர்கிறது. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் இரத்தம் இழக்கும் அதே வயதுப் பெண்ணுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று 2020-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்தது. தேவை அவளுக்கு அதிகம். பந்தியில் அவள் இடம் எது?

இதற்காகவே ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். யார் முதலில் உண்டார், யார் கடைசியில் உண்டார், முட்டை யாருக்கு, குழம்பின் மீன் துண்டு யாருக்கு, அடிச்சட்டி யாருக்கு என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் யாருடைய தட்டுக்குப் போகின்றன என்றும் எழுதுங்கள். யாரையும் குறை கூறாமல் கணக்கு மட்டும் எழுதுங்கள். ஏழாம் நாள் அந்தப் பக்கத்தைக் கணவரோடும் மாமியாரோடும் சேர்ந்து படியுங்கள். வேறு உபதேசம் தேவைப்படாது.

பிறகு செலவில்லாத சில திருத்தங்களைச் செய்யலாம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை ஏற்கச் செய்யும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். அரிசியில் குறையும் புரதக்கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. எனவே பொங்கலும் இட்லி சாம்பாரும் அறிவுடைய சேர்க்கைகள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியிலும் அது மிகுதி. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் பிள்ளை விழுங்கினாளா என்று கேட்டறியுங்கள்.

நம் மாநிலத்தில் 1956-ல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-ல் வந்த காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளைத் தாங்கி வந்துள்ளன. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மேனிலை வகுப்புப் பெண்ணோ காலையில் ஒரு வாய் தேநீரோடு பேருந்துக்கு ஓடுகிறாள். "குண்டாகிவிடுவேன்" என்று தானாகவே பட்டினி கிடப்பவளும் உண்டு. அவளிடம் உடம்பைப் பற்றிக் கேலி பேசாதீர்கள். மயக்கம், மூச்சுவாங்கல், வெளிறிய நாக்கு ஆகியவை தென்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தவக்காலத்தில் தாயோடு சேர்ந்து நோன்பிருக்க விரும்பும் சிறுமிகளின் பக்தியை மதிப்போம். ஆயினும் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை என்பதை அவளுக்கு அன்போடு எடுத்துச் சொல்வோம்.

அன்புத் தாய்மார்களே, இன்றைய சிறுமி நாளைய தாய். இரத்தமின்றி வளரும் பெண் தாயாகும்போது, பிறக்கும் பிள்ளையும் எடை குறைந்து பிறக்க வாய்ப்பு மிகுதி. ஒரு தட்டில் தொடங்கும் குறை இரு தலைமுறையைத் தொடுகிறது. ஆகையால் ஐந்தாறு பேராக ஒரு வீட்டுத் திண்ணையில் வாரம் ஒருமுறை கூடுங்கள். எழுத்தறிந்த ஒருவர் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும், அனைவரும் அவரவர் நோட்டைக் கொண்டுவரட்டும். தந்தையரையும் பையன்களையும் அழையுங்கள். பரிமாறத் தெரிந்த பையன் பங்கிடவும் கற்றுக்கொள்வான். தேர்வில் நீங்கள் பெறும் மதிப்பெண் சான்றிதழில் இருக்கலாம். உங்கள் மகள் முதற்பந்தியில் அமர்ந்து, தன் பங்கு முட்டையைத் தயக்கமின்றி எடுத்து உண்ணும் நாளே நீங்கள் தேறிய நாள்.