வயலின் சத்தத்தையும் சேமித்து வையுங்கள்



விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தோம். பத்திரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிறோம். பிள்ளைகளின் கல்யாணத்தைப் போட்டோ, வீடியோ என்று எடுத்து வைக்கிறோம். விடியற்காலையில் நம் வயலில் கேட்கிற சத்தத்தை யாராவது எடுத்து வைத்திருக்கிறோமா? "அதை எதுக்குங்க எடுத்து வைக்கணும், நாளைக்கும் அதுங்க கத்தத்தானே போவுது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு புதுக்கன்று நட்டார்கள், அதுவும் வளர்ந்து காய்க்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். மரங்கொத்தி, பச்சைக்கிளி, குக்குறுவான், புள்ளி ஆந்தை இவையெல்லாம் மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கிற ஜாதி. வயசான மரத்தில்தான் பொந்து இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்து மரத்தில் இலை இருக்கும், காய் இருக்கும், பொந்து இருக்காது. புயலுக்கு முன்னால் அந்தத் தோப்புகளில் விடியற்காலை எத்தனை வகைக் குரல் கேட்டது, இப்போது எத்தனை கேட்கிறது? ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் என்ன இருக்கிறது? தோப்பின் போட்டோ சில வீடுகளில் இருக்கும். சத்தம் பெரியவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மலைப் பகுதியில் இதேபோல ஒன்று நடந்தது. பெர்னி கிராஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988இல் அங்கே லிங்கன் மெடோ என்கிற புல்வெளியில் போய் விடியற்காலைச் சத்தத்தைப் பதிவு செய்தார். அப்புறம் அங்கே மரம் வெட்டினார்கள். மொட்டையடிக்கவில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் எடுத்தார்கள். காட்டுக்கு ஒரு பாதிப்பும் வராது என்று சொல்லித்தான் வெட்டினார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில், அதே பருவத்தில் மறுபடி பதிவு செய்தார். கண்ணுக்குக் காடு அப்படியேதான் இருந்தது. காதுக்கு முக்கால்வாசிக் கச்சேரி காணாமல் போயிருந்தது. முன்னால் எடுத்த பதிவு இருந்ததால்தான் அதை அவரால் சொல்ல முடிந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே வால்பாறையில் இதைச் செய்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சீரழிந்து கிடந்த சோலைக்காட்டுத் துண்டுகளில், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருபது வருஷமாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்து வருகிறது. காடு நிஜமாகவே திரும்பி வருகிறதா என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்கள் சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள். கன்று நட்ட இடம், தானாக முளைக்க விட்ட இடம், கெடாத பழைய காடு என மூன்று வகை இடத்தின் சத்தத்தையும் ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரிதான் இதுவும்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டில் இருக்கிற செல்போனே போதும்.

முதலில் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், புவனகிரிப் பக்கம் சம்பா நட்டு, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட முதல் சில இரவுகளில் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். கத்துவது ஆண் தவளை, பெட்டையைக் கூப்பிடுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பாம்புக்கு அது கேடுதான், நமக்கு லாபம். ராத்திரி முழுக்க வயலில் பூச்சி பிடித்துத் தின்னும் கூலி இல்லாத ஆள் அது. ஒரு காலத்தில் தவளைக்காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1987இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. இப்போது தவளைக்கு வருகிற ஆபத்து வேறு பக்கம். வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரில் மருந்து இறங்கினால் தலைப்பிரட்டைக்கு ஆகாது. தவளை எத்தனை என்று பகலில் எண்ண முடியாது. ஆனால் வருஷா வருஷம் ஐப்பசியில் ஒரே வரப்பில் பத்து நிமிஷம் பதிவு செய்தால் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். பக்கத்து வயல்காரர் மருந்து அடிக்காமல் இருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்ள.

அடுத்து கூகை. சாவுக்குரல் என்று சொல்லிக் கல்லால் அடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கூகை தேய்ந்த இரும்பைக் கிழிப்பது போலக் கீச்சென்று கத்தும், பயமாகத்தான் இருக்கும். அது தேடுவது எலியை. நம் உயிரை அல்ல. அதன் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே. அதனால் கும்மிருட்டிலும் எலி நடக்கும் சத்தத்தை வைத்தே இடத்தைக் கணித்துப் பிடித்துவிடும். கதிர் வரும் பருவத்தில் உங்கள் பதிவில் அந்தக் குரல் விழுந்தால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புன்செய்ப் பக்கம் ஆள்காட்டிக் குருவி இருக்கிறது. வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, ஆள் வந்தால் ஊரையே கூட்டும். பனைமரத்தில் தூக்கணாங்குருவி இருக்கிறது. அது நெல்லைக் கொறிக்கும் என்று கோபம் வேண்டாம்; குஞ்சுக்குப் பூச்சியும் கொடுக்கிறது. பிச்சாவரம் பக்கம் இருப்பவர்கள் கடல் வற்றும் நேரத்தில் அலையாத்திக் காட்டு ஓரம் போய்க் கேளுங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி படபடவென்று ஒரு சத்தம் வரும். பெரிய கொடுக்கு உள்ள ஒரு சின்ன இறால் வகை பண்ணுகிற வேலை அது. கொடுக்கை வேகமாக மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. சத்தம் அந்தக் குமிழியிலிருந்து வருகிறது என்று 2000ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

பூச்சிகளில் சுவர்க்கோழி, சில்வண்டு, பிள்ளைப்பூச்சி மூன்றும் பாட்டுக்காரர்கள். இவற்றிலும் ஆண்தான் பாடுகிறது. சுவர்க்கோழி ஒரு சிறகை இன்னொரு சிறகில் தேய்த்துச் சத்தம் உண்டாக்குகிறது. சில்வண்டுக்கு வயிற்றின் இரு பக்கமும் தப்பு போல ஒரு சவ்வு உண்டு. பிள்ளைப்பூச்சியில் சில வகை, வளையின் வாயை நாதஸ்வரத்தின் அணசு போல விரித்துக் கட்டி அதற்குள் உட்கார்ந்து பாடும். தென்னிந்தியாவில் மரச்சுவர்க்கோழி ஒன்று இலையில் ஓட்டை போட்டு, அதில் தலையை நீட்டிக்கொண்டு பாடுகிறது. இலையே ஒலிபெருக்கி! சின்ன உருவமும் சன்னக் குரலும் உள்ளவைதான் இந்தத் தந்திரத்தை அதிகம் செய்கின்றன என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2020இல் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாமே போனில் விழும் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்குப் பெரிய எதிரியான புகையான், ஆணும் பெட்டையும் நெல் தண்டின் வழியாக அதிர்வு அனுப்பித்தான் பேசிக்கொள்கின்றன. அது நம் காதுக்கும் கேட்காது, போனுக்கும் கேட்காது. இத்தாலியில் திராட்சைத் தோட்டத்துக் கம்பிகளில் அதிர்வு கொடுத்து, தத்துப்பூச்சி ஜோடி சேராமல் குழப்பிப் பார்க்கிறார்கள். நெல்லுக்கு அப்படி ஒன்று வந்தால் சொல்கிறேன். அதுவரை தூரைத் தட்டிப் பார்ப்பதுதான் வழி.

காதை வைத்துக் கேட்டு இன்றைக்கே பயன்பெறக்கூடிய ஒன்று தென்னையில் இருக்கிறது. சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே இருந்தால், மரத்தில் காதை ஒட்டி வைத்தால் கறகறவென்று மெல்லும் சத்தம் கேட்கும். ராத்திரி காற்று அடங்கின பிறகு கேளுங்கள். சந்தேகமுள்ள இடத்தில் போனை மரத்தோடு அழுத்திப் பிடித்துப் பதிவு செய்து, காதில் மாட்டும் இயர்போனில் போட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாக இருக்கலாம். ஓட்டையிலிருந்து பழுப்பாகச் சாறு வடிந்தால் சந்தேகமே வேண்டாம், உடனே வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். பச்சை மட்டையை வெட்ட வேண்டி வந்தால் அடியிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டுங்கள். வெட்டுக்காயத்தில்தான் இந்த வண்டு முட்டை வைக்கிறது.

இனி பதிவு செய்யும் முறை. ஒரே இடம், ஒரே நேரம். இது முக்கியம். விடியற்காலை ஐந்தேகால் மணியிலிருந்து ஆறேகாலுக்குள் பத்து நிமிஷம், ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிஷம். வாரம் ஒரு தடவை போதும். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மச்சான் கூப்பிடுவார். கையில் பிடிக்காதீர்கள், விரல் உரசும் சத்தம்தான் விழும். வரப்பில் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டு இருபது அடி தள்ளிப் போய் உட்காருங்கள். காற்றுதான் பெரிய தொந்தரவு. போனின் அடிப்பக்கத்து ஓட்டையில் பழைய கம்பளிக் குல்லாய்த் துணியைச் சுற்றினால் பாதி காற்று அடங்கும். பம்புசெட் ஓடும்போது எடுக்காதீர்கள். மார்கழியில் கோவில் ஒலிபெருக்கி நாலரைக்கே ஆரம்பித்துவிடும். அந்த மாசம் சாமிக்கு விட்டுவிடலாம்.

தூரத்துக் குரல் வேண்டுமானால் குழிவான பெரிய இரும்புச்சட்டி ஒன்றை எடுங்கள். அதன் நடுவே சட்டியைப் பார்த்த மாதிரி போனின் ஒலிவாங்கியைப் பிடித்து, சட்டியைப் பறவை பக்கம் திருப்பினால் சத்தம் கூடும். எந்த ஆழத்தில் பிடிப்பது என்பதை முன்னே பின்னே நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும், வேறொன்றுமில்லை.

பதிவு தொடங்கியதும் உங்கள் வாயாலேயே தேதி, நேரம், ஊர், பயிரின் வயசு, மழை பெய்ததா, என்றைக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாத பதிவு, தேதி இல்லாத பத்திரம் மாதிரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சத்தத்தின் தரம் குறையும்; அசல் கோப்பை மெமரி கார்டில் ஒன்றும் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வையுங்கள்.

எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது; அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துடையது. சத்தத்தைக் கேட்டுப் பேர் சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும், நீங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 2015 முதல் வருஷந்தோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவு செய்த குரலை வயலில் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள். எதிராளி வந்துவிட்டான் என்று பறவை கூட்டை விட்டுவிட்டு அலையும். கௌதாரி, காடைக் குரலைப் போட்டு வலைக்கு இழுக்கிறவர்கள் யாராவது உங்கள் பதிவைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

உலகத்தில் முதன்முதலாகப் பதிவான பறவைக் குரல் எது தெரியுமா? 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோஹ் என்ற எட்டு வயசுப் பையன், அப்பா வாங்கித் தந்த எடிசன் கருவியில், மெழுகு உருளையில் எடுத்தான். அது கூண்டில் இருந்த ஷாமா. நம் ஊர்க் காட்டுச் சோலைப்பாடிதான்! அந்தப் பதிவு இன்றைக்கும் கேட்கிறது. எட்டு வயசுப் பையன் செய்த வேலையை நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்யலாம்.

அப்படிச் செய்யும்போது தாத்தா பாட்டியையும் கூட உட்கார வையுங்கள். பதிவு முடிந்ததும் அதைப் போட்டுக் காட்டி, "இது என்ன குருவி தாத்தா?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரே பறவைக்குக் காட்டுமன்னார்கோவிலில் ஒரு பேர், குறிஞ்சிப்பாடியில் இன்னொரு பேர் இருக்கும். புத்தகத்தில் இருக்கிற பேர்தான் சரி என்று திருத்தாதீர்கள். பேரைச் சொல்லும்போது ஊரின் பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.