கூரைமேல் கல் வேண்டாம்



ஆடிக்காத்தைப் பத்தி ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயில் நுழையுற மேல்காத்து, கரூரைத் தாண்டி நம்ம காவிரிக்கரைக்கு வந்துசேருது. பதினெட்டாம்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் விளக்கு ஏத்தினவங்களைக் கேளுங்க, எத்தனை தீக்குச்சி வீணாச்சுன்னு!

எங்க வீடு தகரக்கூரை. பறக்காம இருக்க மேலே கல் வச்சிருந்தோம். ஒரு ஆடியில் தகரம் தூக்கி, கல் உருண்டு, என் மக படிச்சுக்கிட்டிருந்த திண்ணையில் விழுந்தது. தண்ணி குடிக்க அப்பத்தான் உள்ளே போயிருந்தா. இன்னைக்கும் அதை நினைச்சா எனக்குக் கை நடுங்கும்.

காத்து அடியில் புகுந்து கூரையைத் தூக்குது. வேகம் இரண்டு மடங்கானா பலம் நாலு மடங்கு. அதுக்கு நாலு கல் எந்த மூலைக்கு? குழுக்கடனில் கொக்கி போல்ட் வாங்கி, சட்டத்தோடு சேர்த்து இறுக்கினோம். ஆனி மாசமே துரு இருக்கான்னு பார்த்துடுவோம்.

கடல் தூரம்னும் இருந்துடாதீங்க. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் கரைகடந்த கஜா புயல், நம்ம மணப்பாறை, மருங்காபுரி வரைக்கும் மரங்களைச் சாய்ச்சது. காத்தடிக்கும்போது துணி எடுக்க மாடிக்கு ஓடாதீங்க. மரத்தடியில் ஒதுங்காதீங்க. காத்து நின்னதும் வாழை சாஞ்சுதான்னு பார்க்க இருட்டில் ஓடுறோமே, அதுதான் எனக்குப் பெரிய பயம். அறுந்த கம்பியில் மின்சாரம் இருக்கும். தள்ளி நின்னு மின்னகத்துக்குச் சொல்லுங்க: 94987 94987.

இப்பவே போனில் பதிஞ்சுக்குங்க, நான் காத்திருக்கேன்.