நம் குரல் நம் பிள்ளைகளின் காதில் விழட்டும்

(மும்பை தாராவியில் நமது எழுத்தாளர் வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த இதழில் எழுதுகிற நாங்கள் சிலர், எழுதியதைக் கைப்பேசியின் முன் அமர்ந்து நாமே படித்து, ஒரு நிமிடப் படமாக்கி யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றி வருகிறோம். "எழுதுகிறவனுக்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?" என்று மூத்த தோழர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கூத்து என்றீர்கள். இதே பம்பாயில் கூத்துக் கட்டிய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். 1920-இல் பிறந்து, பஞ்சம் பிழைக்கச் சிறுவயதிலேயே ஊரை விட்டு இங்கு வந்தவர், பள்ளிப் படிப்பு இல்லாதவர், மில் தொழிலாளி. அவர்தான் அண்ணாபாவு சாத்தே! 1959-இல் 'ஃபகிரா' நாவலைத் தந்தவர். அவருடைய மக்களில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆகவே 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் கலைக்குழு கண்டு, தமாஷா என்னும் நாட்டுக்கூத்தையே கையில் எடுத்து, தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தம் சொல்லைக் கொண்டு சென்றார். அதனால் அவர் எழுத்து குறைந்துவிட்டதா?

நம் வீட்டு நிலைமைக்கு வருவோம். நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள். நமக்குத் தமிழ் படிக்க வரும். நம் பிள்ளைகளுக்கு? மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் இருந்தும், பிழைப்பை எண்ணி நம்மில் பலர் ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புகிறோம். பிள்ளை தமிழ் பேசுகிறான், படிக்கத் தெரியவில்லை. நாம் மாதந்தோறும் அச்சிடும் இந்த ஏடு அவனுக்கு வெறும் கறுப்பு மை!

நம் வட்டத்துத் தோழியர் ஒருவர், விடியற்காலை 3 மணிக்கு இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்ற தம் கணவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். இதழில் வந்தது. வீட்டில் மகன் தொடவில்லை. அதையே படமாக்கினார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் மூன்று முறை கேட்டுவிட்டு, "அண்டாவைப் பறிச்சிட்டுப் போனாங்களே, அப்பா அத எப்படிம்மா மீட்டாரு?" என்றானாம். அதுவரை தகப்பனின் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டறியாத பிள்ளை!

2008-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தது. 8 ஆஸ்கார் விருதுகள் வாங்கியது. உலகமே தாராவியின் தகரக் கூரையைப் பார்த்தது. அந்தக் கூரையின் கீழ் பேசப்படும் நெல்லைத் தமிழை யார் கேட்டார்கள்? இன்று மறுசீரமைப்பு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்தச் சந்துகள் நாளை இருக்குமோ, இராதோ! அவற்றின் கதையை வெளியூர்க் கேமராதான் சொல்ல வேண்டுமா?

ஆனால் மயங்கிவிடவும் கூடாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு அரசு தடை விதித்தது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏற்றி வைத்த ஆடலும் பாடலும் பேச்சும் ஒரே இரவில் கைக்கெட்டாமல் போயின. வாடகை வீடு அது. நமக்குத் தெரியாததா வாடகை வீடு! எனவே முதலில் தாளில் எழுதுங்கள், இதழுக்குக் கொடுங்கள், பிறகு படமெடுங்கள். மூலப் படத்தை ஒரு பென்டிரைவில் வையுங்கள். பணம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்: குறும்படத்தை மட்டும் நம்பி யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், 90 நாளில் ஒரு கோடிப் பார்வையும் வேண்டும்.

செய்முறை பெரிதல்ல. கைப்பேசியை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். 2024 அக்டோபர் முதல் யூடியூபில் 3 நிமிடம் வரை குறும்படம் ஏற்றலாம். எங்களுக்கு ஒரு நிமிடமே போதுமென்று படுகிறது. நிதானமாகப் படித்தால் 80, 90 சொல் அடங்கும். எங்கள் முதல் படத்தில் கவிதை கேட்கவில்லை, பக்கத்து அறைத் தையல் மெஷின்தான் கேட்டது! ஆகவே இரவு மெஷின் ஓய்ந்தபின் எடுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம். வீட்டில் பேசுவதுபோலவே படியுங்கள். சொல்லச் சொல்ல அடியில் தமிழ் எழுத்தும் ஓடட்டும். லோக்கல் ரயிலில் ஒலியின்றிப் பார்ப்பவருக்கு அது உதவும். ஒலியோடு பார்க்கும் நம் பிள்ளைக்கோ, காதில் விழும் சொல்லின் உருவம் கண்ணில் படும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். அடுத்த வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கேளாமல் எடுக்காதீர்கள். பெண்கள் பேசினால் கீழே வந்து இழிசொல் எழுதுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தப் பகுதியை மூடி வைக்க வழியிருக்கிறது, நாங்கள் செய்து தருகிறோம்.

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு இதே அறையில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். எழுத வராத பெரியவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இரண்டு பேர் இருப்பார்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கைப்பேசியைப் பிடிக்க ஆள் வேண்டும்.