கயிற்றுக்கு அப்பால்



இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைக் காணச் செல்வோருள் பெரும்பாலோர் அதனுள் கால்வைப்பதில்லை. 1970களின் பிற்பகுதி முதல் தொலைவில் நின்றே நோக்குகின்றனர். பொதுநேரத்திற்கு முன்போ பின்போ, மிகுதியான கட்டணத்துக்கு முன்பதிவு செய்த சிறு குழுவினர் மட்டும் வழிகாட்டியுடன் உள்ளே செல்வர். அவர்களும் கல்லைத் தொடலாகாது.

இக்கண்டிப்பு முறையானதே. முற்காலத்தில் வந்தோர் நினைவுப்பொருளாகச் சில்லு பெயர்த்தனர், பெயர் வெட்டினர். ஆயினும், அண்மை காட்டுவதைத் தொலைவு காட்டுமா? 53ஆம் எண் கல்லில் வெண்கலக் காலக் குறுவாள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. எத்தனையோ தலைமுறையினர் அருகில் நின்றும் அதனைக் கண்டிலர். 1953இல் தொல்லியலறிஞர் ரிச்சர்ட் அட்கின்சன், அதே கல்லில் 17ஆம் நூற்றாண்டில் எவரோ வெட்டிய எழுத்தைப் படமெடுக்க முனைந்தபோதுதான் அது புலப்பட்டது. சிதைத்தவன் கைவேலையே பழம்பொறிப்புக்கு வழிகாட்டிற்று, வேடிக்கைதான்!

1915இல் இவ்விடத்தை ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு வாங்கிய செசில் சப், 1918இல் நாட்டுக்கே வழங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்குக்கு மேற்படலாகாது என்பது அவர் விதித்தவற்றுள் ஒன்று. அவர் யாவர்க்குமென அளித்ததன் நடுவிடம் இன்று பொருளுடையார்க்கே எளிது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கப்படி, ஆண்டின் மிக நீண்ட பகலையொட்டிய இரவில் கட்டணமின்றி எவரும் உட்செல்லலாம். உண்மை. ஆனால், பல்லாயிரவர் நெருக்கடியில் ஒரு சிறு குறுவாளை எங்ஙனம் தேடுவது? பொருளில்லார்க்கெனச் சில வைகறைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கினால் என்ன?